மரோனி ஆற்றங்கரை நோய்ப்பரவல்: டாக்ஸோபிளாஸ்மாவின் நொதிகள் செய்ததும் செய்யாததும்

தென் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், சூரினாமுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் எல்லையாக மரோனி ஆறு ஓடுகிறது. அதன் சூரினாம் பக்கத்தில், அமேசான் காட்டை ஒட்டிய சின்ன ஊர் பட்டாம். 2003 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2004 ஜனவரி நடுவரை, இந்த ஊர்க்காரர்கள் அடுத்தடுத்துக் கடும் காய்ச்சலோடு பிரெஞ்சு கயானாவின் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு ஒரே உறுப்பில் அல்ல, பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் நோய் இருந்தது. பரிசோதனையில் தெரிந்த காரணம் டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற ஒட்டுண்ணி.

கணக்கெடுத்துப் பார்த்தபோது மொத்தம் 11 பேருக்குத் தொற்று. அதில் 8 பேர் நோய் எதிர்ப்பு சக்தியில் எந்தக் குறையும் இல்லாத பெரியவர்கள். எட்டு பேருக்கும் பல உறுப்புகளில் பாதிப்பு, ஒருவர் இறந்துபோனார். ஒரு பச்சிளங்குழந்தையும் ஒரு கருவும் தாய்வழித் தொற்றில் இறந்தன. மீதி ஒருவர் நோய் அறிகுறியோடு இருந்த சிறுவயதுப் பிள்ளை. குறைந்தது 5 பேரிடம் இருந்த ஒட்டுண்ணி ஒரே மரபு வகையைச் சேர்ந்தது என்று பின்னால் மூலக்கூறு ஆய்வில் தெரியவந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வழக்கமாகக் கிடைக்கும் வகைகளோடு அது ஒத்துப்போகவில்லை.

டாக்ஸோபிளாஸ்மாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதில் உறுத்துவது அந்த 8 பேர்தான். உலக மக்கள்தொகையில் பெரும் பங்கு இந்த ஒட்டுண்ணியை வாழ்நாள் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு வந்ததே தெரியாது. தெரிந்தாலும், கழுத்தில் வலியில்லாமல் நெறி கட்டும், சில நாள் உடம்பு அசதியாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும். மூளையில் கட்டி, நுரையீரலில் அழற்சி என்று போவதெல்லாம் எய்ட்ஸ் முற்றியவர்களுக்கும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கும்தான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். பட்டாமில் படுத்தவர்கள் அந்த ரகம் இல்லை. ஆக, எதிர்ப்பு சக்தி குறைந்ததால் நோய் முற்றியது என்ற வழக்கமான விடை இங்கே செல்லாது. ஒட்டுண்ணியின் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இது முதல் தடவை அல்ல

பிரெஞ்சு கயானா மருத்துவர்களுக்கு இந்த நோய்க்கோலம் ஏற்கெனவே பழக்கம். பட்டாமுக்கு முன்பே, 2002-இல், ஆறரை ஆண்டுகளில் தாங்கள் பார்த்த 16 பேரின் விவரத்தை அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். எல்லாரும் எதிர்ப்பு சக்தி சரியாக இருந்த பெரியவர்கள், எல்லாரும் மருத்துவமனையில் படுக்கும் அளவுக்குக் காய்ச்சல் கண்டவர்கள். 14 பேருக்கு நுரையீரல் பாதிப்பு. அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் 13 பேர் காட்டு விலங்கின் இறைச்சி சாப்பிட்டிருந்தார்கள், அதில் 8 பேர் சாப்பிட்டது சரியாக வேகாத இறைச்சி. மூன்று பேரிடமிருந்து ஒட்டுண்ணியைப் பிரித்தெடுத்து எலிகளுக்குச் செலுத்தியபோது அந்த எலிகளுக்கு நோய் கடுமையாக வந்தது. மூன்றுமே வழக்கத்துக்கு மாறான மரபு வகைகள்.

ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்தால் இந்தக் காட்டு வகைகள் எங்கிருந்து வருகின்றன என்று புரியும். டாக்ஸோபிளாஸ்மாவின் பாலினப் பெருக்கம் பூனை இனத்தின் குடலில் மட்டும்தான் நடக்கும். ஊருக்குள் அந்த வேலையை வீட்டுப்பூனை செய்கிறது, எலியும் சிட்டுக்குருவியும் இடைத்தங்கல், அதாவது ஒட்டுண்ணி இடையில் தங்கும் விலங்குகள். அமேசான் காட்டில் ஜாகுவாரும் பியூமாவும் ஆசிலாட்டும் அந்த இடத்தில் இருக்கின்றன. இடைத்தங்கலாக அங்கே எத்தனையோ வகைக் கொறித்துண்ணிகள், குரங்குகள், பறவைகள். பூனை இனத்தின் மலத்தில் வெளியேறும், ஒட்டுண்ணி அடங்கிய முட்டையுறைகள் மண்ணிலும் ஆற்றுநீரிலும் மாதக்கணக்கில் தாங்கும். கயானாவில் மனிதர் குடியேறிய பகுதிகளில் கிடைக்கும் ஒட்டுண்ணிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாக இருக்க, காட்டுக்குள் கிடைப்பவை ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் பலவிதமாக இருக்கின்றன. வேட்டையிலும் ஆற்றிலும் பிழைக்கும் ஊர்க்காரர்கள் இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

சரி, ஒட்டுண்ணி வேறு வகை என்று சொல்லிவிட்டால் போதுமா? அந்த வகையில் எந்தப் பொருள் நோயைக் கடுமையாக்கியது? இந்தக் கேள்விக்கு ஆய்வகங்களில் கிடைத்த விடை நொதிகள். அந்த விடை எலிக்கு அருமையாகப் பொருந்துகிறது. மனிதருக்கு வரும்போது தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தை மழுப்பிவிட்டு எழுதப்படும் கட்டுரைகள்தான் அதிகம் என்பதால், இங்கே அதற்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

ஒரு செல்லுக்குள் நுழையும்போது

ஏறக்குறைய 6 மைக்ரோமீட்டர் நீளம், பிறை வடிவம். ஒரு செல்லைத் தொட்டதும் ஒட்டுண்ணி தன் கூர்முனையை அதன் மேல் பதிக்கிறது. அந்த முனையில் குண்டாந்தடி வடிவில் சில சுரப்புப் பைகள் உண்டு, ராப்ட்ரி என்பார்கள். நுழைவதற்கு முன்பே, அந்தப் பைகளில் இருப்பதை நம் செல்லின் உள்ளே பீய்ச்சிவிடும். அரை நிமிடத்துக்குள் ஒட்டுண்ணியும் உள்ளே போய்விடும். போகும்போது செல்லின் சவ்வையே மடித்து, தன்னைச் சுற்றி ஒரு குமிழியாக்கிக்கொள்ளும். அப்புறம் அதற்குள் உட்கார்ந்து இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகும்.

பீய்ச்சப்பட்ட புரதங்களில் பல கைனேஸ் என்ற வகை நொதிகள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவதே கைனேஸின் வேலை. கேட்பதற்குச் சாதாரணம். ஆனால் நம் செல்லுக்குள் எந்தப் புரதம் வேலை செய்ய வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதில் பெரும் பகுதி இந்த பாஸ்பேட்டால்தான் தீர்மானிக்கப்படுகிறது. அந்த நிர்வாகத்தில் வெளியாள் ஒருவன் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு புகுந்துவிடுகிறான். திசுவைக் கடித்துக் கரைக்கும் நொதி அல்ல இது. எதையும் உடைக்காமலேயே நோயின் போக்கை மாற்றிவிடும்.

இப்படிப் புகும் கைனேஸ்களில் அதிகம் ஆராயப்பட்டவை ஆர்ஓபி18, ஆர்ஓபி16 இரண்டும். கூடவே ஆர்ஓபி5 என்று ஒன்று. கைனேஸ் குடும்பத்தில் பிறந்தாலும் பாஸ்பேட் ஒட்டும் திறனை இழந்துவிட்டது அது.

எலியில் தெளிவாகத் தெரிந்தது

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிடைக்கும் டாக்ஸோபிளாஸ்மாவில் பெரும்பாலானவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம் என்று 1990-களில் தெரிந்தது. ஆய்வக எலிக்கு இந்த மூன்றும் ஒரே மாதிரி அல்ல. ஒன்றாம் வகையில் ஒரே ஒரு ஒட்டுண்ணி போதும், எலி செத்துவிடும். மூன்றாம் வகையை ஆயிரக்கணக்கில் செலுத்தினாலும் எலி தாங்கும். இரண்டாம் வகை நடுவில். ஒன்றாம் வகையின் பிரதிநிதியாக ஆய்வகங்களில் இன்றும் ஓடும் ஆர்எச் என்ற கிளையை 1939-இல் சின்சினாட்டியில் ஆல்பர்ட் சேபின் பிரித்தெடுத்தார், மூளை அழற்சியில் இறந்த ஒரு சிறுவனிடமிருந்து. பிறகு வாய்வழி போலியோ சொட்டு மருந்தை உருவாக்கிய அதே சேபின்தான். அன்றிலிருந்து எலிக்கு எலி மாற்றி மாற்றி வளர்த்ததில் ஆர்எச் கிளை பூனைக்குள் முட்டையுறை உண்டாக்கும் திறனையே இழந்துவிட்டது. அதை வைத்துச் சொல்லப்படும் முடிவுகளைப் படிக்கும்போது இதை ஞாபகத்தில் வைப்பது நல்லது.

ஒன்றாம் வகையையோ இரண்டாம் வகையையோ மூன்றாம் வகையோடு பூனைக்குள் கலக்க விட்டு, பிறந்த கலப்பினங்களில் எது எலியைக் கொல்கிறது, எது கொல்லவில்லை என்று பார்த்து, அதற்குக் காரணமான மரபணுவைத் தேடினார்கள். 2006-இல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே சமயத்தில் விடை சொன்னன. இரண்டுக்கும் கிடைத்தது ஆர்ஓபி18. மூன்றாம் வகையில் இந்த மரபணு இருந்தும் இயங்குவதில்லை, இயக்கு பகுதியில் ஒரு நீளமான துண்டு செருகிக்கிடக்கிறது. ஒன்றாம் வகையின் ஆர்ஓபி18-ஐ எடுத்து மூன்றாம் வகைக்குள் வைத்தால், எலியைக் கொல்லத் தேவையான ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. வேறு எதையும் மாற்றவில்லை, ஒரே ஒரு நொதி.

அது என்ன செய்கிறது என்று தெரிய இன்னும் நான்கு ஆண்டு ஆனது. எலியின் உடலில் தொற்று வந்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கும். அதைக் கேட்ட செல்கள் ஐஆர்ஜி என்ற குடும்பத்துப் புரதங்களைத் தயாரிக்கும். எலியிடம் இந்தக் குடும்பத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள். ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் குமிழியைச் சுற்றி இந்தப் புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் குமிழியின் விளிம்பு முதலில் ஒளிரும் வளையமாகத் தெரியும், பிறகு நெளியும், சவ்வு கொப்புளமாகப் பிதுங்கும், கடைசியில் கிழியும். கிழிந்துவிட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும். கொஞ்ச நேரத்தில் அந்தச் செல்லும் சாகும்.

ஆர்ஓபி18 இந்தக் குமிழியின் வெளிப்புறத்தில் காவல் நிற்கிறது. வந்து படியும் ஐஆர்ஜி புரதத்தின் குறிப்பிட்ட ஒரு வளைவில், 102, 108 ஆகிய இடங்களில் இருக்கும் திரியோனின் என்ற அமினோ அமிலங்கள் மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அந்த வளைவு மடங்கி விரிந்தால்தான் ஐஆர்ஜி வேலை செய்ய முடியும். பாஸ்பேட் ஏறியதும் அது முடங்கிவிடும். ஆனால் ஆர்ஓபி18 தனியாக இதைச் செய்துவிட முடியாது. ஐஆர்ஜி புரதத்தைச் சரியான கோணத்தில் பிடித்துக் கொடுக்க ஆர்ஓபி5 வேண்டும். தேங்காய் மட்டையை ஒருவர் பிடிக்க இன்னொருவர் உரிப்பது மாதிரி. ஆர்ஓபி5-இன் முக்கியத்துவம் 2011-இல்தான் வெளிவந்தது. இரண்டாம் வகையிடம் இயங்கும் ஆர்ஓபி18 இருந்தும் எலியிடம் தடுமாறுவதன் காரணமும் அப்போது விளங்கியது: அதன் ஆர்ஓபி5-க்குப் பிடி போதாது. நொதியாக இல்லாமல்போன ஒரு புரதம் இல்லாமல், உண்மையான நொதியால் ஒன்றும் ஆகவில்லை.

இதற்குப் பதிலடியும் உண்டு. தென்னிந்தியாவில் பிடிபட்ட எலிகளின் வழிவந்த சிஐஎம் என்ற எலி இனம், ஆய்வக எலியைக் கொல்லும் ஒன்றாம் வகைத் தொற்றைத் தாங்கிக்கொள்கிறது என்று 2013-இல் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த எலியிடம் ஒரு ஐஆர்ஜி புரதம் வேறு வடிவில் இருக்கிறது. அது ஆர்ஓபி5-ஐப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மற்ற ஐஆர்ஜி புரதங்கள் குமிழியை உடைக்கப் போய்விடுகின்றன. ஒட்டுண்ணி அதே ஒட்டுண்ணி, நொதி அதே நொதி. ஒரு எலியில் நூற்றுக்கு நூறு சாவு, இன்னொரு எலியில் மூளைக்குள் அடங்கிய நாள்பட்ட தொற்று. எலியைச் சாகடிப்பது ஒட்டுண்ணிக்கும் லாபமில்லை, செத்த எலி அழுகிவிட்டால் பூனைக்குள் போக வழியில்லை. "வீரியமிக்க வகை" என்று நாம் பெயர் வைப்பது ஆய்வகத்தில் நம் கைக்கு வசதியாக இருக்கும் எலியை வைத்துத்தான். சிஐஎம் எலியை வைத்து ஆராய்ச்சி தொடங்கியிருந்தால் ஒன்றாம் வகைக்கு அந்தப் பட்டமே கிடைத்திருக்காது.

இன்னொரு கைனேஸ், எதிர்த் திசையில்

ஆர்ஓபி16-இன் கதை வேறு. இது குமிழியில் நிற்பதில்லை, நேராக நம் செல்லின் உட்கருவுக்குப் போகிறது. ஸ்டாட்3, ஸ்டாட்6 என்ற இரண்டு புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றி, அணையாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டும் எரிந்துகொண்டே இருந்தால் செல், "காயம் ஆறும் நேரம், சண்டையைக் குறை" என்ற மனநிலைக்குப் போய்விடும். ஐஎல்-12 என்ற சமிக்ஞைப் புரதம் குறையும், அதனால் இன்டர்ஃபெரான் காமாவும் குறையும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் கொல்லும் வேலையை விட்டுச் சீரமைக்கும் வேலைக்கு மாறும். ஒன்றாம், மூன்றாம் வகைகளிடம் இருக்கும் ஆர்ஓபி16 இதைச் சரியாகச் செய்யும். இரண்டாம் வகையில் 503-ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதால் அதன் ஆர்ஓபி16 சோம்பேறி. அதற்குப் பதில் இரண்டாம் வகையிடம் ஜிஆர்ஏ15 என்ற புரதம் உண்டு, நொதி இல்லை, அது அழற்சியைத் தூண்டிவிடும்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் நொதி இருந்தால் நோய் மோசமாகும், இல்லாவிட்டால் லேசாகும் என்று யாரும் நினைப்பார்கள். எலியின் குடலில் நடந்தது நேர்மாறு. ஒரு குறிப்பிட்ட ஆய்வக எலி இனத்துக்கு இரண்டாம் வகையை வாய்வழியாக அதிக அளவில் கொடுத்தால், சிறுகுடலின் கடைசிப் பகுதி அழுகி இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். குடலை அழிப்பது ஒட்டுண்ணி அல்ல, எலியின் சொந்த நோய் எதிர்ப்பு செல்களான டி செல்கள். சிடி4 டி செல்களை முன்கூட்டியே நீக்கினாலோ இன்டர்ஃபெரான் காமாவைத் தடுத்தாலோ குடல் தப்பிக்கிறது என்று 1996-இலேயே காட்டிவிட்டார்கள். 2011-இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: அதே இரண்டாம் வகைக்கு வேறு வகையின் சுறுசுறுப்பான ஆர்ஓபி16-ஐக் கொடுத்தபோது எலியின் குடல் அழற்சி தணிந்தது. ஒட்டுண்ணியின் நொதியே எலியைக் காப்பாற்றியது என்று சொல்லலாம்.

ஒன்றாம் வகையில் எலி சாவதும் முழுக்க ஒட்டுண்ணியின் கையால் அல்ல. ஆர்ஓபி18 காவலில் ஒட்டுண்ணி தடையின்றிப் பெருகுகிறது, பெருகப் பெருக உடல் இன்டர்ஃபெரான் காமாவையும் அதன் கூட்டாளிகளையும் கொட்டுகிறது, அந்த வெள்ளத்தில் கல்லீரலும் மண்ணீரலும் அடிபடுகின்றன. நொதி செய்த வேலை ஒட்டுண்ணியைக் கொல்லவிடாமல் தடுத்தது மட்டும். சேதம் செய்தது எலியின் பதில்வினை.

பட்டாமுக்குத் திரும்பினால்

இத்தனையும் தெரிந்த பிறகு, கயானா காட்டு வகைகள் எலிக்கும் கடுமை, மனிதருக்கும் கடுமை, ஆகவே ஆர்ஓபி18-தான் குற்றவாளி என்று எழுதிவிட ஆசை வரும். அப்படி எழுதியும் இருக்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

மனிதரிடம் ஐஆர்ஜி படையே இல்லை. குரங்கினப் பரிணாமத்தில் எப்போதோ இந்தக் குடும்பம் சிதைந்துவிட்டது. மிச்சம் இருப்பவை இரண்டே: குறுகிப்போன ஐஆர்ஜிஎம், விந்தகத்தில் மட்டும் தயாராகும் ஐஆர்ஜிசி. குமிழியை உடைக்கும் வேலைக்கு இரண்டும் வருவதில்லை. ஆர்ஓபி18 எதை முடக்கி எலியைக் கொன்றதோ அந்த இலக்கு நம்மிடம் கிடையாது. 2012-இல் ஒரு குழு இதை நேரடியாகச் சோதித்தது. ஆர்ஓபி18-ம் ஆர்ஓபி5-ம் எலி செல்லின் இன்டர்ஃபெரான் காமா தாக்குதலிலிருந்து ஒட்டுண்ணியைத் தப்ப வைக்கின்றன, மனித செல்லில் தப்ப வைப்பதில்லை என்பதே முடிவு. பிரச்சினையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் செல்கள் வேறு ஆயுதம் வைத்திருக்கின்றன. இன்டர்ஃபெரான் காமா வந்ததும் பல மனித செல்கள் ஐடிஓ என்ற நொதியைத் தயாரித்து டிரிப்டோஃபான் முழுவதையும் கரைத்துவிடும். டாக்ஸோபிளாஸ்மாவால் அந்த அமினோ அமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, பட்டினியில் நின்றுவிடும். இது 1984-இலேயே தெரிந்த விஷயம். இங்கே நொதியைப் பயன்படுத்துவது நாம். மேக்ரோபேஜ்களில் ஜிபிபி1 போன்ற புரதங்கள் குமிழியையும் அதற்குள் இருப்பதையும் தாக்குகின்றன. குமிழிக்கு யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தால் முத்திரை குத்தி ஒழிக்கும் வழியும் உண்டு. கடுமையான வகைகள் மனிதரில் இவற்றில் எதை, எதைக் கொண்டு மீறுகின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

அப்படியானால் ஆர்ஓபி கைனேஸ்களுக்கும் மனித நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. மனிதரில் ஆர்ஓபி18 இழந்தது ஐஆர்ஜி என்ற இலக்கை மட்டும்தான். ஏடிஎஃப்6-பீட்டா என்ற புரதத்தையும் அது சிதைக்கிறது, டி செல்களைத் தூண்டும் வேலையில் அந்தப் புரதத்துக்குப் பங்குண்டு என்று 2011-இல் காட்டினார்கள், அதுவும் எலியில்தான். ஆர்ஓபி16-க்கு இந்தத் தடையே இல்லை. ஸ்டாட்3-ம் ஸ்டாட்6-ம் எலிக்கும் நமக்கும் பொது.

கண் நோயில் இதற்கு ஒரு மறைமுக ஆதாரம் கிடைக்கிறது. தென் அமெரிக்காவில் டாக்ஸோபிளாஸ்மா விழித்திரை அழற்சி ஐரோப்பாவில் வருவதைவிடக் கடுமையாக வருகிறது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. கொலம்பிய நோயாளிகளின் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தையும் பிரெஞ்சு நோயாளிகளின் திரவத்தையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். கொலம்பியர்களிடம் இன்டர்ஃபெரான் காமாவும் ஐஎல்-17-ம் குறைவு, ஐஎல்-6-ம் ஐஎல்-13-ம் அதிகம். சண்டைச் சமிக்ஞை மங்கி, ஸ்டாட்3, ஸ்டாட்6 பக்கத்துச் சமிக்ஞை மேலோங்கிய கோலம் இது. சுறுசுறுப்பான ஆர்ஓபி16 இருந்தால் எதிர்பார்க்கும் கோலமும் ஏறக்குறைய இதுவே. நோயாளிகளின் இனம், வயது, தொற்று அளவு எல்லாம் வேறு வேறு என்பதால் இதை வைத்து நொதிமேல் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் தேட வேண்டிய இடம் எது என்று இது காட்டுகிறது. என் கணிப்பில், மனித நோயின் கடுமைக்கு ஆர்ஓபி18-ஐவிட ஆர்ஓபி16-ஐச் சந்தேகிக்கவே வலுவான காரணம் இருக்கிறது.

பட்டாமின் எட்டு பேரைப் பற்றி இன்னொரு கோணமும் உண்டு. இரண்டாம் வகை வீட்டுப்பூனையோடும் வீட்டு எலியோடும் மனிதக் குடியிருப்பை ஒட்டியே பல காலம் சுற்றியிருக்கிறது. காட்டு வகைகள் மனிதரை அதிகம் சந்திக்காதவை. எந்தக் கொறித்துண்ணிக்கும் எந்தக் குரங்குக்கும் பொருந்த அவற்றின் கைனேஸ்கள் செதுக்கப்பட்டனவோ, அந்த விலங்கில் நோய் லேசாகவே இருக்கக்கூடும். மனிதரில் அவற்றுக்கு அளவு தெரியவில்லை. இது கருதுகோள்தான், ஆனால் சிஐஎம் எலியின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்தி வருகிறது.

வேறு ஒட்டுண்ணிகளிலும்

சுருக்கமாக இரண்டு. சீதபேதி உண்டாக்கும் அமீபாவிடம், அதாவது என்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவிடம், சிஸ்டீன் புரோட்டியேஸ் நொதிகள் ஏராளம். குடலின் சளிப்படலத்தையும் அதில் காவலிருக்கும் ஐஜிஏ எதிர்ப்புரதத்தையும் வெட்டுபவை இவை. தோற்றத்தில் அதே போலிருக்கும் என்டமீபா டிஸ்பாரால் நோய் வருவதில்லை. ஹிஸ்டோலிட்டிகாவின் மேற்பரப்பில் உட்காரும் சிபி5 என்ற நொதியின் மரபணு, டிஸ்பாரில் பழுதாகிக் கிடக்கிறது. இங்கே நொதியே வெட்டுக்கத்தி, விளக்கம் நேரடியானது. காலா அசார் நோயைத் தரும் லீஷ்மேனியாவிடம் ஜிபி63 என்ற உலோகப் புரோட்டியேஸ் இருக்கிறது. தன்மேல் வந்து ஒட்டும் சி3பி என்ற நிரப்புப் புரதத்தை (கிருமிகளைத் தாக்கும் இரத்தப் புரதங்களில் ஒன்று) வெட்டிச் செயலிழக்கச் செய்து, துளையிடும் தாக்குதலிலிருந்து தப்பி, அந்த வெட்டுப்பட்ட துண்டையே மேக்ரோபேஜுக்குள் நுழையும் பிடியாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

கோவையில் நடந்தது

நம் பக்கத்தில் இதை ஒப்பிட ஒரு நிகழ்வு இருக்கிறது. 2004, 2005 ஆண்டுகளில் கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புதிதாக டாக்ஸோபிளாஸ்மா விழித்திரை அழற்சியோடு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். 248 நோயாளிகளின் விவரம் 2010-இல் வெளியானது. இவ்வளவு பேருக்கு ஒரே ஊரில், பிறவியில் வந்ததாக இல்லாமல் பிற்காலத்தில் வந்த கண் தொற்று என்பது உலக அளவிலேயே பெரிய எண்ணிக்கை. நகரின் குடிநீர்த் தேக்கம் ஒன்று மாசுபட்டிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

பட்டாமும் கோவையும் ஏறக்குறைய ஒரே காலம். அங்கே நுரையீரலும் உயிரும் போயின, இங்கே வந்த நோயாளிகளுக்குக் கண்ணில் பாதிப்பு. ஒட்டுண்ணி வகையின் வித்தியாசமா, உள்ளே போன முட்டையுறைகளின் எண்ணிக்கையா, மருத்துவமனைக்கு யார் வந்தார்கள் என்பதில் உள்ள வித்தியாசமா? கண் மருத்துவமனையில் கணக்கெடுத்தால் கண் நோயாளிகள்தான் கிடைப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டில் ஒரு வாரம் காய்ச்சலாகக் கிடந்து எழுந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் வந்திருக்க மாட்டார்கள்.

மருத்துவத்தில் இதன் பயன்

நோயைக் கடுமையாக்கும் நொதியைத் தடுத்தால் மருந்தாகுமே என்று தோன்றும். ஆர்ஓபி18-ஐ முழுசாக நீக்கினாலும் மனித செல்லில் ஒட்டுண்ணி வளர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே அதைக் குறிவைப்பதில் பலன் தெரியவில்லை. ஆர்ஓபி16-ஐ அடக்கினால் அழற்சி ஏறவும் வாய்ப்பு உண்டு, எலிக் குடல் காட்டியது அதைத்தான். கைனேஸ்களில் மருந்து ஆராய்ச்சி போய்க்கொண்டிருப்பது சிடிபிகே1 என்ற வேறொன்றின் மேல். நுழையவும் வெளியேறவும் ஒட்டுண்ணிக்கு அது இல்லாமல் முடியாது. அதன் வாசலில் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருப்பதால், நம் கைனேஸ்களுக்குள் நுழைய முடியாத பருமனான மூலக்கூறு அதற்குள் மட்டும் போய் அடைத்துக்கொள்ளும்.

நடைமுறையில் இன்றும் கைகொடுப்பது பழைய ஜோடி: பைரிமெத்தமினும் சல்ஃபாடையசினும், இரத்த அணுக்கள் குறையாமலிருக்கக் கூடவே ஃபோலினிக் அமிலம். கிடைக்காத இடத்தில் கோட்ரைமாக்சசோல். இவையும் ஒட்டுண்ணியின் நொதிகளைத்தான் தாக்குகின்றன, ஆனால் ஃபோலேட் தயாரிக்கும் நொதிகளை. எந்த மரபு வகையானாலும் ஒட்டுண்ணிக்கு ஃபோலேட் வேண்டும்.

2002-இல் வெளியான அந்த 16 பேரும் மருந்து தொடங்கியதும் வேகமாகத் தேறினார்கள். காட்டுப்பகுதியிலிருந்து வந்த ஆள், ஆறாத காய்ச்சல், நுரையீரலில் நிழல், இரண்டு வாரத்துக்குள் வேட்டை இறைச்சியோ கொதிக்க வைக்காத ஆற்றுநீரோ என்று தெரிந்தால், எச்ஐவி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக டாக்ஸோபிளாஸ்மாவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடக் கூடாது. இரத்தத்தில் ஐஜிஎம், ஐஜிஜி எதிர்ப்புரதங்களைப் பார்த்து, சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும் முன்பே சிகிச்சை தொடங்குகிறார்கள். மரபு வகையும் ஆர்ஓபி வடிவமும் பிறகு மெதுவாக ஆய்வகத்திலிருந்து வரும், அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார்.